நார்வே இருமுறை சொன்ன ‘வேண்டாம்’

ஐரோப்பிய ஒன்றியத்திற்கு எதிர்ப்பு என்றதும் பலரும் பிரிட்டனின் 2016 வாக்கெடுப்பைத்தான் சொல்வார்கள். எனக்கோ நார்வேதான் முதலில் நினைவுக்கு வரும். பிரிட்டன் 1973-இல் உள்ளே போய், 2020-இல் வெளியேறியது. நார்வே மக்கள் வாசற்படியிலேயே நின்று, 1972-லும் 1994-லும் ‘வேண்டாம்’ என்று வாக்களித்தனர்.

ஏன் அவ்வளவு தயக்கம்? ‘ஒன்றியம்’ என்ற சொல்லே அவர்களுக்குக் கசப்பானது. 1814 வரை டென்மார்க் மன்னரின் கீழும், பிறகு சுவீடன் மன்னரின் கீழும் இருந்த நாடு அது. 1905-இல் சுவீடனுடனான ஒன்றியத்தைக் கலைப்பது குறித்து வாக்கெடுப்பு நடந்தது. 368,208 பேர் கலைப்பதை ஆதரித்தனர். எதிர்த்தவர்கள் 184 பேர்தாம். நம் விரிவுரை மண்டபம் ஒன்றில் அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள்!

அடுத்தது மீன். 1970-இல் புதிய நாடுகளுடன் பேச்சு தொடங்கிய வேளையில், அப்போதிருந்த ஆறு உறுப்பு நாடுகளும் ஒருவர் கடலில் மற்றவரும் மீன்பிடிக்கலாம் என்று விதி செய்துகொண்டன. அந்த ஆறில் நார்வேக்கு இணையான மீன்வளம் எதற்கும் இல்லை. விருந்தாளி வருமுன்னே அவர் கொண்டுவரும் பலகாரத்தைப் பங்கு போட்ட கதைதான்! 1972-இல் 53.5 விழுக்காட்டினர் எதிர்த்தனர். பிரதமர் ட்ரிக்வே பிராட்டெலி பதவி விலகினார். 1994-இல் எதிர்ப்பு 52.2 விழுக்காடு. தலைநகர் ஓஸ்லோ ஆதரித்தது. வடகோடி ஃபின்மார்க்கில் நால்வரில் ஏறக்குறைய மூவர் எதிர்த்தனர்.

ஆனால் கதை இங்கே சிக்கலாகிறது. 1994 ஜனவரியிலேயே ஐரோப்பியப் பொருளாதார வட்டார ஒப்பந்தம் நடப்புக்கு வந்துவிட்டது. அதன்படி ஒன்றியத்தின் சந்தை விதிகளை நார்வே ஏற்கிறது. நலிந்த உறுப்பு நாடுகளின் மேம்பாட்டுக்குப் பணமும் தருகிறது. அந்த விதிகளை இயற்றும் அவையில் அதற்கு வாக்கு இல்லை. மறுக்கும் உரிமை உண்டு. மறுத்தால் ஒப்பந்தத்தின் தொடர்புடைய பகுதி நிறுத்தப்படலாம்.

அப்படியானால் காத்தது எந்த இறையாண்மையை? மீன்பிடியும் வேளாண்மையும் பொதுக் கொள்கைக்கு வெளியே நிற்கின்றன. கடலோரச் சிற்றூர்களுக்கு அது வெறும் சட்டச் சொல் அன்று, பிழைப்பு. மீனவர்களின் கணக்கு சரியென்றே எனக்குப் படுகிறது. மற்ற துறைகளில், உள்ளே இருந்து தோற்பதைவிட வெளியே இருந்து கீழ்ப்படிவது எப்படி மேலானது என்று எனக்கு விளங்கவில்லை.

நார்வேயிலும் இந்த வழக்கு ஓயவில்லை. ஒன்றியத்தின் மூன்று எரிசக்தி விதிகளை ஏற்பதா என்ற தகராற்றில், 2025 ஜனவரியில் மையக் கட்சி கூட்டணி அரசை விட்டு வெளியேறியது.