அக்கானி அடுப்பும் மூவகை அமைப்புகளும்

பிளஸ் ஒன் வகுப்பில் நம் பிள்ளைகள் வேதியியலிலும் இயற்பியலிலும் சந்திக்கிற பாடம் வெப்ப இயக்கவியல். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பெரும்பாலும் அதை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள். தமிழில் சொல்லிப் பார்ப்போமே என்று எனக்கு ஆசை. ஆய்வுக்கூடம் வேண்டாம், நம்ம ஊர் கருப்பட்டி போதும்.

நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பகுதி 'அமைப்பு'. மற்றதெல்லாம் 'சூழல்'. இரண்டையும் பிரிப்பது 'எல்லை'. எல்லையைப் பற்றி நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்! 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனாலும் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஆளும் சரக்கும் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. வெப்ப இயக்கவியல் கேட்பதும் அதுதான்: எல்லையை எது கடக்கிறது? பொருளா, ஆற்றலா?

இரண்டும் கடந்தால் திறந்த அமைப்பு. அக்கானி காய்ச்சும் பாத்திரம் அப்படிப்பட்டது. அடுப்புச் சூடு உள்ளே வருகிறது, நீராவி வெளியே போகிறது. ஏன் மூடவில்லை என்று சிறுவயதில் ஒரு அம்மாவிடம் கேட்டேன். "மூடி போட்டா எப்பிடி மக்ளே வத்தும்?" என்றார். அந்த வற்றலுக்குத்தான் விறகெல்லாம் போகிறது. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் போதும். அதையே ஆவியாக்க ஏறத்தாழ 2260 கிலோஜூல், அதாவது ஏழு மடங்குக்கு மேல். அக்கானியில் பெரும்பகுதி தண்ணீர். அது வற்றும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். பாகு இறுகும்போதுதான் 110ஐயும் தாண்டும். பெண்கள் மணிக்கணக்காகப் புகையில் நின்றது இதற்காகத்தான். நல்ல கருப்பட்டிக்கு விலை கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள், சீனி கலந்த சரக்கை மலிவென்று வாங்குபவர்கள், இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்க்கலாம்.

பொருள் கடக்காமல் ஆற்றல் மட்டும் கடந்தால் மூடிய அமைப்பு. மழைக்காலத்தில் வெளியே வைத்த கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும். கண்ணாடிக் குப்பியில் இறுக மூடினால் ஈரம் புகாது; ஆனால் வெயிலில் சூடேறும், ராத்திரி ஆறும். பிரஷர் குக்கரும் விசில் வரும்வரை மூடிய அமைப்பு. ஆவி சீறிய நொடியே திறந்தது!

இரண்டுமே கடக்காவிட்டால் தனித்த அமைப்பு. இதற்கு அருகில் வருவது பிளாஸ்க். 1892இல் ஜேம்ஸ் டூவர் கடுங்குளிர்த் திரவங்களைப் பாதுகாக்க உருவாக்கிய கலம்தான் அதன் மூதாதை. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், வெள்ளிப் பூச்சு. காலையில் ஊற்றிய கருப்பட்டிக் காப்பி மாலையில் வெதுவெதுப்பாக இருக்கும், மறுநாள் ஆறியே போகும். முழுமையான தனித்த அமைப்பு எந்த அடுக்களையிலும் கிடையாது.

பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று. வேதியியல் புத்தகம் அமைப்பின்மீது செய்யப்படும் வேலையைக் கூட்டல் குறியாக எடுக்கிறது. இயற்பியல் புத்தகம் அமைப்பு செய்யும் வேலையை அப்படி எடுக்கிறது. விதி ஒன்றுதான். எந்தத் தாளை எழுதுகிறோம் என்று பார்த்துக் குறி போடவும்.