பனி பார்க்காத பிள்ளைக்குப் பனிக்காலப் புத்தகம்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் கடுங்குளிர் காலம். வாசலில் பனி குவிந்து கிடக்கும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். அந்த நாட்களில் அங்குள்ள பொது நூலகங்கள் பல, பனிக்கால வாசிப்புப் போட்டி என்று ஒன்றை நடத்துகின்றன. கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். 'பனி பெய்யும் கதை ஒன்று', 'குளிர்நாட்டு விலங்கு பற்றி ஒன்று', 'உண்மை மனிதர் வரலாறு ஒன்று' என்று கட்டந்தோறும் எழுதியிருக்கும். ஒன்றைப் படித்து முடித்தால் அந்தக் கட்டத்துக்கு வண்ணம் தீட்டலாம். போட்டி என்று பெயரே தவிர, யாரையும் முந்த வேண்டியதில்லை.

"பனியும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் உண்டு. சில புத்தகங்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி, படமும் அமைத்த 'தி ஸ்னோவி டே'. 1962-ல் வந்தது. பீட்டர் என்ற சிறுவன் காலையில் எழுந்து, பனி பெய்திருப்பதைப் பார்த்து, சிவப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறான். ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். அது என்னவாகும் என்று உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்! பீட்டர் கறுப்பினச் சிறுவன். அந்தக் காலத்து அமெரிக்கப் படப் புத்தகங்களில் இப்படி ஒரு பிள்ளை கதாநாயகனாக வருவது அபூர்வம். நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் இதுதான் என்று 2020-ல் அறிவித்தது. கணக்கு 4,85,583 தடவை!

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'தி லாங் வின்டர்' (1940). இதைத்தான் நான் முதலில் நிறுத்துவேன். 1880 அக்டோபரில் தொடங்கிய பனிப்புயல்கள் 1881 வசந்தம் வரை ஓயவில்லை. டகோட்டாப் பகுதியில் ரயில் நின்றுபோனது. டி ஸ்மெட் என்ற சிற்றூரில் கடைகள் காலி. லாராவின் குடும்பம் விறகும் நிலக்கரியும் இல்லாமல் வைக்கோலை முறுக்கி எரித்தது. காப்பி அரைக்கும் சிறு எந்திரத்தில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டது. அந்த எந்திரம் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர் சுற்றுவார்.

விடாமல் பெய்யும் மழையில் பால்மரம் சீவ முடியாமல், சம்பளம் குறைந்து, அரிசி டின்னின் அடியைச் சுரண்டிய குடும்பத்துக்கு இந்தக் கதையை விளக்க வேண்டுமா? பனி புதிது, பசி பழகியதுதான். பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாத அத்தியாயங்களை அவர் சொல்வார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லாராவின் நூல் வரிசையில் அமெரிக்கப் பழங்குடியினரைத் தாழ்த்திப் பேசும் இடங்கள் உண்டு. அதனால் 2018-ல் அங்குள்ள நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவு, அவர் பெயரில் இருந்த விருதின் பெயரை மாற்றியது. அதற்காகப் புத்தகத்தை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. அந்த இடம் வரும்போது பிள்ளையோடு பேசினால் போதும்.

உண்மை வரலாற்றுக் கட்டத்துக்கு 'ஸ்னோஃபிளேக் பென்ட்லி' (1998). வெர்மான்ட் மாநிலத்து விவசாயி மகன் வில்சன் பென்ட்லி, 1885-ல் தம் பத்தொன்பதாம் வயதில் பனித்துகள் ஒன்றை உருப்பெருக்காடி வழியே படம் பிடித்தார். விலை அதிகமான அந்தக் கேமராவைப் பெற்றோர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஊரார் சிரித்தார்கள். அவர் ஐயாயிரத்துக்கு மேல் படம் எடுத்தார்!

எப்படிப் பொறுக்குவது? பிள்ளைகள் கட்டத்தைச் சீக்கிரம் நிரப்ப மெல்லிய புத்தகமாகவே தேடுவார்கள். ஒன்றிரண்டு போகட்டும், விட்டுவிடுங்கள். மற்றதற்கு ஒரு வழி: நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கினால், அது அடுத்த வருஷத்துக்கு.

"எனக்கு ஆங்கிலம் தெரியாதே" என்று ஒதுங்கும் தாய்மார்களுக்கு: இரவு சமையல் முடிந்ததும், அன்றைக்குப் படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கதை புரியாத பிள்ளையால் அதைச் சொல்ல முடியாது. நீங்கள் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசாமலே பரீட்சை வைத்துவிட்டீர்கள்!

அட்டைக்கு அலைய வேண்டாம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். எட்டுக் கட்டம் போடுங்கள். ஏழு பனிக்கு, ஒன்றில் 'மழைக் கதை, பாட்டி சொன்னது' என்று எழுதிக்கொள்ளுங்கள்.