தனியாள் ஒப்பந்தத் தொழில்: கணக்கும் காலமும்

சொற்களுக்கும் மனிதரைப் போலவே வாழ்வும் தாழ்வும் உண்டு. மலாயாத் தமிழர் வரலாற்றில் அவ்வாறு தாழ்ந்து உயர்ந்த சொற்களுள் ஒன்று ‘ஒப்பந்தம்’. இருவர் ஒத்துக்கொள்வதே ஒப்பந்தம் என்பர். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த நம் முன்னோர்க்கு அந்தச் சொல் ஒரு விலங்காகவே இருந்தது. பயணச் செலவு கடனாக நின்றது. குறித்த காலம் முடியும்வரை தோட்டத்தை விட்டுப் போதல் குற்றமாயிற்று. அம்முறையில் ஆள் எடுப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதனோடு வளர்ந்துவந்த கங்காணி முறையும், இந்திய அரசு 1938-ஆம் ஆண்டில் தொழிலாளர் குடியேற்றத்திற்குத் தடை விதித்ததோடு ஓய்ந்தது.

இன்று அதே சொல் வேறு கோலத்தில் வருகிறது. கிள்ளானிலும் பந்திங்கிலும் பிரிக்பீல்ட்ஸிலும் டைல் பதிப்பவர், சாயம் அடிப்பவர், குழாய் வேலை பார்ப்பவர், கூரை பழுதுபார்ப்பவர் எனத் தமிழர் பலர் தம்மை ‘ஒப்பந்தக்காரர்’ என்றும், பேச்சு வழக்கில் ‘கொந்தராக்டர்’ என்றும் கூறிக்கொள்கின்றனர். பாட்டனைக் கட்டிய சொல்லைப் பேரன் தன் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறான். ஆயினும் அச்சொல் அவனை மெய்யாகவே விடுவித்திருக்கிறதா, அன்றி வேறு வகையில் கட்டியிருக்கிறதா என்பது ஆராயத்தக்கது. அதற்குத் தனியாள் ஒப்பந்தத் தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நால்வர் வேலை ஒருவர் கையில்

சிலாங்கூரின் கோல லங்காட் மாவட்டத்திலுள்ள கேரி தீவை எண்ணிப் பார்ப்போம். லங்காட் ஆறு நிலப்பகுதியினின்றும் பிரித்துவைத்த அத்தீவுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தோட்டம் அமைத்த எட்வர்டு வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயர் பெயரே நிலைத்துவிட்டது. முதலில் ரப்பர், பின்னர் செம்பனை. மாமேரி மக்களின் ஊரும் அவர்தம் மரச்சிற்பமும் அத்தீவின் பழஞ்செல்வம். தோட்டத் தமிழரோ அங்கே வேலைக்கு வந்து வாழ்ந்தவர்கள்.

தோட்டத்தில் வேலை நால்வர் கையில் பிரிந்திருந்தது. எதைச் செய்வது, என்ன செலவிடுவது என்று முடிவு செய்தவர் துரை. ஆள் கணக்கும் பணக் கணக்கும் எழுதியவர் கிராணி. விடியுமுன் பெரட்டில் ஆளை நிறுத்தி, யார் எங்கே போவது என்று பிரித்து, வேலையைக் கண்ணால் கண்டு நடத்தியவர் கங்காணி. கண்ணும் காணலும் அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றன. உழைத்தவர் தொழிலாளி.

தோட்டத்தைவிட்டு வெளியேறித் தனித்தொழில் தொடங்கியவர் இந்நால்வரும் தாமே ஆகிறார். ஆனால் அவர் வழிவழியாகக் கற்றது நான்காமவர் வேலையை மட்டுமே. அவர் கை தேர்ந்த கை. பூச்சில் ஒரு நூல் பிசகாது. எனினும், விலை சொல்லும்போது துரையாகவும், இரவில் கணக்கு எழுதும்போது கிராணியாகவும், நாள் குறிக்கும்போது கங்காணியாகவும் இருக்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. தனியாள் தொழில்கள் பல நொடித்துப்போவது வேலை தெரியாமையால் அன்று. இம்மூவர் வேலை விடுபட்டுப்போவதால்தான்.

நாட்கூலி என்னும் மயக்கம்

முதலில் துரையின் வேலையாகிய விலையை நோக்குவோம். ஒருவர்க்குக் குடும்பச் செலவு மாதம் 4,000 வெள்ளி எனக் கொள்வோம். மாதத்திற்கு 26 வேலைநாள். ஆகவே நாளொன்றுக்கு 155 வெள்ளி போதும் என்று அவர் கணக்கிடுகிறார். இது கூலியாள் கணக்கு. ஒப்பந்தக்காரர் கணக்கு அன்று.

ஆண்டின் 365 நாளில் ஞாயிறு 52 போக 313. பண்டிகை, பொதுவிடுமுறை, காய்ச்சல், உறவினர் வீட்டு நன்மை தீமை எனக் குறைந்தது 25 நாள் போகும், எஞ்சுவது 288. இடம் பார்த்து மதிப்பிடுதல், பொருள் வாங்குதல், நிலுவை கேட்டு நடத்தல் ஆகியவற்றிற்கு வாரம் ஒருநாள் வீதம் 48 நாள், எஞ்சுவது 240. மழையாலும் பிறர் வேலை முடியாமையாலும் வீணாவது 20 நாள். ஆக, காசு தரும் நாள் 220 மட்டுமே.

செலவுப் பக்கம் பார்ப்போம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 48,000 வெள்ளி. வேன், எண்ணெய், தேய்ந்த கருவி, காப்புறுதி, பதிவுக் கட்டணம், முதுமைக்கான சேமிப்பு ஆகியவை 18,000 வெள்ளி எனக் கொண்டால் மொத்தம் 66,000. இதனை 220-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 300 வெள்ளி வருகிறது. அவர் எண்ணியதற்கு ஏறக்குறைய இருமடங்கு!

155 வெள்ளிக்கே உழைத்தால் என்ன ஆகும்? 220 நாளில் 34,100 வெள்ளி வரும். தொழிற்செலவு 18,000 போக எஞ்சுவது 16,100. மாதத்திற்கு 1,350 வெள்ளிகூடத் தேறாது. 2025-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 வெள்ளி. தாமே முதலாளி என்று எண்ணியிருந்தவர், சட்டம் எந்தத் தொழிலாளிக்கும் மறுக்கக்கூடாது என்று விதித்த தொகையைத் தமக்குத் தாமே மறுத்துக்கொள்கிறார். ஈண்டுக் காட்டிய எண்கள் எடுத்துக்காட்டே; ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் கணக்கின் வழி மாறாது.

நாள் குறித்தல்

அடுத்து, கங்காணியின் வேலை. திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து வருதல் தமிழாசிரியர் அறிந்ததே. அவை அரசியல் பகுதியில் நிற்பதால் வேந்தர்க்கே உரியவை என்று கடந்துவிடுகிறோம். ஆயின், வேலையை ஆராய்தல், தன் ஆற்றலை அளத்தல், காலத்தை நோக்குதல், இடத்தை எண்ணுதல் என்னும் அந்த வரிசையே ஒரு தனியாள் ஒப்பந்தக்காரர் நாள் குறிக்கும் முறைக்கும் பொருந்துதல் வியப்பிற்குரியது.

வேலையை ஆராய்தலாவது, எது முன், எது பின் எனத் தெரிதல். சமையலறை ஒன்றைப் புதுப்பிக்கையில் உடைப்பு முதலில். சுவருக்குள் செல்லும் குழாயும் மின்கம்பியும் அடுத்து. பின் பூச்சு, டைல், இறுதியில் சாயம். மின்வேலையை எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவரே செய்தல் வேண்டும். அவர் இரண்டு நாள் பிந்தினால் பூச்சு வேலைக்காரர் நாளும் பிந்தும். இன்னும், பொருள்கள் தம் காலத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. கான்கிரீட்டின் வலுவை 28-ஆம் நாளில் அளப்பதே மரபு. முதல் ஒரு வாரமேனும் அதனை ஈரமாக வைத்தல் வேண்டும். புதுப்பூச்சு நன்கு உலராமுன் சாயம் அடித்தால் அது கொப்புளித்து உரியும். வீட்டுக்காரர் அவசரப்பட்டாலும் சிமெண்டு அவசரப்படாது.

வலியறிதலாவது, எத்தனை வேலை ஏற்கலாம் என்பது. ஓர் இடத்தில் பூச்சு உலரும்போது மற்றோர் இடத்தில் உழைத்தல் அறிவுடைமை. ஆனால் மூன்று, நான்கு வீடுகளைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டுக்கு ஒருநாள் முகங்காட்டுதல் தொழிலுக்குக் கேடு. தனியாளுக்கு ஒரே காலத்தில் இரண்டு இடமே எல்லை எனலாம். வாரத்தின் ஆறு நாளில் நான்கு நாளுக்கே வேலை குறித்து, ஒருநாளை மதிப்பீட்டிற்கும் கணக்கிற்கும் ஒதுக்கி, ஒருநாளை வெறுமையாக விடுதல் வேண்டும். வெறும் நாள் வீண்நாள் அன்று. மழையும் தாமதமும் வந்து தங்கும் அறை அது. அவ்வறை இல்லாத அட்டவணையில் ஒரு தாமதம் எல்லா வீட்டுக்கும் பரவிவிடும்.

காலமறிதலில் நம் நாட்டிற்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. தீபாவளியும் அக்டோபர், நவம்பரிலேயே வருகிறது. வீட்டுக்கு வெளிச்சாயம் அடிக்கத் தமிழ்க் குடும்பங்கள் அழைக்கும் காலமும் வானம் பொத்துக்கொள்ளும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. ஆகவே தீபாவளி வேலையை ஆகஸ்டிலேயே பேசி, வெளிச்சுவரை முன்னதாக முடித்து, உள்ளறைகளைக் கடைசி வாரங்களுக்கு வைத்துக்கொள்பவரே பிழைப்பவர். சீனப் புத்தாண்டில் இரும்புக் கடைகளும் கட்டுமானப் பொருட்கடைகளும் பல நாள் மூடிக்கிடக்கும். நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். இவற்றை ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்தல் நன்று.

இடனறிதல் என்பதற்குக் கேரி தீவே சான்று. தாழ்ந்த நிலமாகிய அத்தீவில் கடல்நீரைத் தடுக்கக் கரையும், மழைநீரை வெளியேற்ற மதகும் வேண்டும். நீர் வற்றும்போதுதான் மதகு வழியாக நீர் வடியும். பெருக்கு நேரத்தில் பெருமழை கொட்டினால் நீர் போக வழியின்றித் தேங்கும். நாளுக்கு இருமுறை வரும் பெருக்கு, மறுநாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி உயரும். எனவே அங்குக் கான் வெட்டுபவரும் அடித்தளம் தோண்டுபவரும் கடிகாரத்தோடு நிலவையும் பார்த்தாக வேண்டும். அதே ஒப்பந்தக்காரர் பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டு வேலை ஏற்றால், நிலவை மறந்து சாலை நெரிசலையும், சத்தமுள்ள வேலைக்குக் குடியிருப்பு நிர்வாகம் விதித்த நேரத்தையும் பார்க்க வேண்டும். தீவுக்கும் நகருக்கும் ஒரே விலை, ஒரே நாட்கணக்கு என்பது பொருந்தாது.

எழுத்தும் பணமும்

கிராணியின் வேலை இறுதியானது; ஆயினும் உயிரானது. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் செல்லுதல் வேறு, மெய்ப்பித்தல் வேறு. கட்டுமான வேலைக்கான பணத்தைப் பெறுவதற்கென 2012-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எழுத்தில் உள்ள ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். தாம் குடியிருப்பதற்காகத் தனிமனிதர் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டு வேலைக்கு அதுவும் பொருந்தாது. தனியாள் ஒப்பந்தக்காரர் வேலையோ பெரும்பாலும் இத்தகைய வீடுகளிலேயே. ஆகவே அவருடைய சிறந்த காப்பு, வேலைக்கு முன் இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளே. செய்யும் வேலை, செய்யாத வேலை, விலை, நாள், பணம் தரும் கட்டங்கள் ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும்.

‘செய்யாத வேலை’ என்றது வேண்டுமென்றே. பாதி வேலையில் வீட்டம்மையார், “தம்பி, அந்தப் பின்சுவரையும் கொஞ்சம் பார்த்துவிடுங்களேன்” என்பார். மறுக்க மனம் வராது. முகதாட்சணியம் நம்மவர்க்கு மிகுதி. “செய்யலாம் அம்மா, அதற்கு இவ்வளவு ஆகும், இரண்டு நாள் கூடும்” என்று அப்போதே சொல்லி எழுதிக்கொண்டால் நட்பு நிலைக்கும். மௌனமாகச் செய்துவிட்டு முடிவில் கேட்டால் பகை வரும்.

முன்பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வாங்கிய அன்று அது தம் பணம் போலத் தோன்றும். உண்மையில் அது பிறர் வீட்டுச் சிமெண்டும் டைலும் ஆகும். ஒரு வீட்டின் முன்பணத்தைச் செலவிட்டுவிட்டு, அடுத்த வீட்டின் முன்பணத்தால் முதல் வீட்டுக்குப் பொருள் வாங்கத் தொடங்கினால், அந்தச் சங்கிலி ஒருநாள் அறும். அறும்போது கைப்பேசியை அணைத்துவிட்டு மறைவதைத் தவிர வழியிராது. நல்ல தொழிலாளி ‘ஏமாற்றுக்காரன்’ என்னும் பெயரெடுப்பது பெரும்பாலும் இவ்வழியில்தான். பொருட்பணத்திற்குத் தனி வங்கிக்கணக்கு வைப்பதே இதற்கு மருந்து.

இவற்றோடு அரசின் பதிவுகளும் உள. 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் அதனைப் பதிய வேண்டும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தக்காரர் கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியத்தில் பதிதல் வேண்டும். வருமானவரிக்காகக் கணக்கேடுகளையும் பற்றுச்சீட்டுகளையும் ஏழாண்டு காத்தல் வேண்டும். ஏணியிலிருந்து விழுந்தால் சம்பளம் தர எவருமில்லாத தனியாளுக்கென 2017-ஆம் ஆண்டில் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்துள்ளது. சொக்சோ நடத்தும் அத்திட்டத்தில் சேர்தல் செலவு அன்று, குடும்பத்திற்கு அரண்.

ஆசிரியர் செய்யக்கூடியது

இவையெல்லாம் தமிழாசிரியர்க்கு எதற்கு என்று வினவலாம். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுள் பலர் கைத்தொழிலையே நாடுகின்றனர். அதில் இழிவு ஏதுமில்லை. அவர்களைத் தாழ்த்துவது தொழில் அன்று, கணக்கின்மையே. 365 நாளை 220 ஆக்கும் கழித்தலும், 66,000-ஐ 220-ஆல் வகுக்கும் வகுத்தலும் தொடக்கப்பள்ளிக் கணக்குத்தான். ஒரு வீட்டு வேலைக்கு ஐந்து பகுதியுள்ள ஒப்பந்தத் தாள் எழுதுவது நல்லதொரு கட்டுரைப் பயிற்சிதான். காலமறிதலைப் பாடம் சொல்லும்போது வேந்தன் படையெடுப்போடு, தீபாவளிக்குச் சாயம் அடிப்பவர் அட்டவணையையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாமே!

பாட்டன் கைந்நாட்டு வைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அவனால் படிக்க முடியவில்லை. பேரன் தன் ஒப்பந்தத்தைத் தானே எழுதவும், அதன் கணக்கைத் தானே போடவும் கற்றுக்கொண்டால்தான், ‘ஒப்பந்தம்’ என்னும் சொல் தன் மெய்ப்பொருளைத் திரும்பப் பெறும்.