தடித்த டயர் மிதிவண்டி: குறைந்த செலவில் அமைத்தல்

தடித்த டயர் மிதிவண்டி என்பது ஏறத்தாழ 3.8 அங்குலமும் அதற்கு மேலும் அகலமுள்ள டயர்களைக் கொண்டு, மிகக் குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் மிதிவண்டி வகையாகும். சைக்கிள் கடைகளில் இது ‘ஃபேட் பைக்’ என்றே வழங்கப்படுகிறது. சாதாரண சைக்கிளின் டயர் புதைந்துபோகும் பனியிலும் மணலிலும் ஓடுவதற்காக உருவானது இவ்வகை. முழுவண்டியாக வாங்க இயலாதவர்கள், தள்ளுபடியில் கிடைக்கும் பாகங்களையும் பழைய வண்டியின் பாகங்களையும் சேர்த்து இதனை அமைப்பதுண்டு. அவ்வாறு அமைக்கும்போது எந்தப் பாகம் எதனுடன் பொருந்தும் என்பதையும், தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகையின் நிலத்திற்கு இவ்வண்டி எந்த அளவுக்கு ஏற்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1980களின் இறுதியில் பனிப்பாதைகளில் நீண்டதூர மிதிவண்டிப் போட்டிகள் நடைபெறத் தொடங்கின. சாதாரண டயர் பனியில் புதைந்ததால், போட்டியாளர்கள் இரண்டு ரிம்களை அருகருகே பற்றவைத்து அகலப்படுத்திப் பார்த்தனர். 1990களில் சைமன் ராக்கோவர் என்பவர் 44 மி.மீ. அகலமுள்ள ‘ஸ்னோகேட்’ ரிம்மைத் தயாரித்தார். ஏறத்தாழ அதே காலத்தில் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ரே மொலினா, மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக இன்னும் அகலமான ரிம்களையும் டயர்களையும் செய்வித்தார்.

2005இல் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்னும் வண்டியை வெளியிட்ட பிறகே இவ்வகை பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. அதன் ரிம் 65 மி.மீ. அகலம், டயர் 3.7 அங்குலம். அக்காலத்தில் தடித்த டயருக்கென அகலமான ஹப் எளிதில் கிடைக்கவில்லை. ஆகவே பக்ஸ்லியின் சட்டகத்தின் பின்பகுதியை ஒருபக்கமாகச் சற்று விலக்கி அமைத்து, கடைகளில் கிடைத்த சாதாரண 135 மி.மீ. ஹப்பையே பயன்படுத்தினர். புதிய பாகம் செய்வதைவிட, கிடைக்கும் பாகத்திற்கு ஏற்பச் சட்டகத்தை மாற்றியது செலவைக் குறைத்தது.

தடித்த டயர் இயங்கும் விதம்

டயர் தரையைத் தொடும் பரப்பு, வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்த எடையை டயரின் காற்றழுத்தத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். மொத்த எடை 90 கிலோ எனக் கொள்வோம். சாதாரண சைக்கிளில் 60 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிலோ அழுத்தம். அப்போது இரு சக்கரங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் 21 சதுர செ.மீ. மட்டுமே. தடித்த டயரில் 8 பி.எஸ்.ஐ. வைத்தால் அழுத்தம் 0.56 கிலோவாகக் குறைந்து, தொடும் பரப்பு சுமார் 160 சதுர செ.மீ. ஆகிறது. டயரின் சுவர் விறைப்பினால் உண்மையான அளவு சற்று மாறுபடும். ஆயினும் ஒரே எடை ஏழு மடங்குக்கும் மேலான பரப்பில் பரவுவதால் மணலில் டயர் புதைவது குறைகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, டயர் அகலமாக இருந்தாலும் காற்றை இறுக்கமாக அடித்துவிட்டால் பயன் கிடைக்காது. இரண்டாவது, இதே குறைந்த அழுத்தம் தார்ச்சாலையில் வண்டியை இழுத்துப் பிடிக்கும். எனவே மணலில் 5 முதல் 8 பி.எஸ்.ஐ. வரையிலும், சாலையில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரையிலும் மாற்றிக்கொள்வது வழக்கம்.

காவிரிப் படுகையின் நிலம்

காவிரிப் படுகை முழுவதும் ஒரே மண் அன்று. பழைய பாசனப் பகுதிகளான திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி வட்டாரங்களில் வண்டலும் களிமண்ணும் மிகுதி. கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் செம்மண் கலந்த இலகுவான நிலம் உண்டு. நாகப்பட்டினம் முதல் வேதாரண்யம் வரையிலான கடற்கரை மணற்பாங்கானது. மேட்டூர் அணை மூடப்பட்டு நீர்வரத்து நின்ற கோடை மாதங்களில் காவிரியும் கொள்ளிடமும் அகன்ற மணற்பரப்பாகக் கிடக்கும்.

காய்ந்த ஆற்றுமணல், கடற்கரை, புழுதி படிந்த கரைப்பாதை ஆகியவற்றில் தடித்த டயர் நன்கு உதவும். ஈரக் களிமண்ணில் நிலைமை வேறு. நனைந்த களி டயரின் கட்டைகளுக்கு இடையே அப்பிக்கொண்டு, சட்டகத்திற்கும் டயருக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியை அடைத்துவிடும். சில அடி தூரத்திலேயே சக்கரம் சுற்றாமல் நின்றுவிடலாம். மேலே சேறும் அடியில் கெட்டித்தரையும் உள்ள பாதையில், சேற்றைக் கிழித்துக்கொண்டு கெட்டித்தரையைத் தொடும் ஒல்லியான டயரே மேல். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வயல்வெளிப் பாதையில் செல்வதற்காக மட்டும் ஒருவர் இவ்வண்டியை அமைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். வயல் வரப்பு சக்கரம் ஓட்டும் பாதையும் அன்று. வரப்பு சரிந்தால் கட்டிய நீர் வடிந்துவிடும்.

பழைய சைக்கிளை மாற்ற இயலுமா

டெல்டா கிராமங்களில் நெல்மூட்டையும் புல்லுக்கட்டும் பால்கேனும் சுமந்த வண்டி, ராடு பிரேக் வைத்த கனத்த ரோட்ஸ்டர் சைக்கிளாகும். டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கப்பட்டது; ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களில் அதன் வண்டிகள் தமிழகமெங்கும் பரவின. 1991-92இல் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிளிலும் பலர் பழகினர். எந்த ஊரிலும் கிடைக்கும் பாகங்கள், எந்தக் கடையிலும் செய்யக்கூடிய பழுது ஆகியவை இவ்வண்டியின் வலிமை.

ஆனால் இதனைத் தடித்த டயர் வண்டியாக மாற்ற இயலாது. அதற்குரிய காரணங்கள்:

1. ரோட்ஸ்டரின் டயர் 28 x 1½ அங்குலம். அதன் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. தடித்த டயருக்கு வேண்டியது 559 மி.மீ. ரிம்.
2. ரோட்ஸ்டரின் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 கம்பிகள் இருப்பது மரபு. அகல ரிம்கள் பெரும்பாலும் 32 துளை கொண்டவை. எனவே பழைய பின் ஹப் பயன்படாது.
3. முன் ஃபோர்க்கிலும் பின்பக்கக் குழாய்களுக்கு இடையிலும் 4 அங்குல டயர் நுழைய இடமில்லை.
4. ராடு பிரேக் அகல ரிம்மில் பொருந்தாது. டிஸ்க் பிரேக் பொருத்தச் சட்டகத்தில் இடமில்லை.

குழாயைச் சூடேற்றி விரித்தோ, வெட்டி ஒட்டவைத்தோ இடம் உண்டாக்குவது ஆபத்தானது. வெல்டிங் செய்த ஃபோர்க் ஓட்டத்தில் முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் மோத விழுவார். அலுமினியச் சட்டகத்தில் வெல்டிங் செய்தால், தொழிற்சாலையில் வெப்பப் பதப்படுத்தலால் பெற்ற உறுதி அவ்விடத்தில் குறைந்துவிடும்.

பாகங்களும் பொருத்தமும்

சட்டகமும் ஃபோர்க்கும்: இவையிரண்டும் தடித்த டயருக்கென்றே செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பின் ஹப் பொருந்தும் அகலம் 135, 170, 190 மி.மீ. எனப் பலவகை, உள்ளே நுழையும் அச்சு கொண்ட வகையில் 177, 197 மி.மீ. எனவும் உண்டு. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஹப் வாங்கக் கூடாது. முன் ஃபோர்க்கில் 135, 150 மி.மீ. அளவுகள் வழக்கத்தில் உள்ளன.

பெடல் அச்சு: சாதாரண சைக்கிளில் பெடல் அச்சு செல்லும் கூட்டின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. தடித்த டயர் வண்டியில் இது பெரும்பாலும் 100 மி.மீ. குறுகிய அச்சைப் போட்டால் கிராங்க் சட்டகத்தில் இடிக்கும். செயின் டயரில் உரசும்.

சக்கரம்: ரிம் 65 முதல் 80 மி.மீ. அகலம் உடையது. எடையைக் குறைக்க நடுவே பெரிய துளைகள் இடப்பட்டிருக்கும். அவற்றின் மேல் ரிம் டேப் சுற்றாவிட்டால் டியூப் பிதுங்கிக் கிழியும். கம்பியின் நீளம் ரிம், ஹப் இரண்டின் அளவையும் பொறுத்தது என்பதால், இரண்டும் கைக்கு வந்தபின் கணக்கிட்டே கம்பி வாங்க வேண்டும். கம்பி கோத்து ரிம்மில் பெண்டு எடுக்கத் தெரிந்த மெக்கானிக்குக்கு இவ்வேலை புதியதன்று.

பல்சக்கரம்: தரை சமமாக இருந்தாலும் மணல் ஏற்றத்தைப் போலவே இழுக்கும். 26 x 4 டயர் கொண்ட சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 76 செ.மீ. முன்னே 32, பின்னே 28 பற்கள் வைத்தால், பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.7 மீட்டர் நகரும். முன்னே 48, பின்னே 18 பற்கள் உள்ள ரோட்ஸ்டர் ஒரு சுற்றுக்குச் சுமார் 6 மீட்டர் நகரும். மணலில் அதனை மிதிக்க இயலாது. 14 முதல் 28 பற்கள் வரையுள்ள 7 அடுக்கு ஃப்ரீவீல் மலிவானது. படுகை நிலத்திற்கு அதுவே போதும்.

பழையதிலிருந்து எடுக்கத்தக்கவை: சீட், பெடல், கைப்பிடி உறை, மணி, பூட்டு, பிரேக் கம்பி முதலியன. இவற்றிலும் அளவு பார்க்க வேண்டும். பெடலின் மரை 9/16 அங்குலமா, ½ அங்குலமா என்பது கிராங்கைப் பொறுத்தது. இடதுபக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும். சீட் கம்பியின் தடிமன் 25.4, 27.2, 31.6 மி.மீ. எனச் சட்டகத்திற்குச் சட்டகம் மாறும்.

செலவும் வாங்கும் முறையும்

ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் சில்லறை விலையில் வாங்கினால், மொத்தச் செலவு தொழிற்சாலையிலிருந்து வரும் முழுவண்டியின் விலையை மிஞ்சிவிடும். தொழிற்சாலை பாகங்களை மொத்தமாக வாங்குகிறது. தனிநபரால் அது முடியாது. ஆகவே பாகம் சேர்ப்பது மலிவாக வேண்டுமெனில், விலையில் பெரும்பங்கு பிடிக்கும் சட்டகம், இரு சக்கரங்கள், டயர்கள் ஆகியவற்றில் குறைவு கிடைக்க வேண்டும். மணியிலும் சீட்டிலும் மிச்சம் பிடித்துப் பயனில்லை.

சென்ற ஆண்டு மாடல், கடையில் காட்சிக்கு வைத்த வண்டி, பெயின்ட் உரிந்த சட்டகம் ஆகியவை தள்ளுபடிக்கு வருபவை. பயன்படுத்திய முழுவண்டி ஒன்றை வாங்கி, தேய்ந்த பாகங்களை மட்டும் மாற்றுவது பல வேளைகளில் எல்லாவற்றையும்விட மலிவாக முடியும். பொருத்தம் பார்க்கும் சிக்கலும் இராது. அவ்வாறு வாங்கும்போது பற்றவைப்பு இணைப்புகளிலும் ஃபோர்க்கின் கழுத்திலும் விரிசல் உள்ளதா என வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாகங்களைச் சட்டகம், ஃபோர்க், ஹப், ரிம், டயர், பெடல் அச்சு, கிராங்க், பிரேக் என்ற வரிசையில் வாங்குவது நல்லது. முந்தைய பாகத்தின் அளவே அடுத்த பாகத்தைத் தீர்மானிக்கிறது. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஹப்பை முதலில் வாங்கியவர், அதற்கேற்ற சட்டகத்தை முழுவிலை கொடுத்துத் தேட நேரும். டியூப், ரிம் டேப், கம்பிகள், கேபிள், மெக்கானிக் கூலி ஆகிய சில்லறைச் செலவுகளையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடைப்பட்ட வழி

டிஸ்க் பிரேக் உள்ள 29 அங்குல மவுன்டன் சைக்கிள் கையில் இருந்தால், அதில் 27.5 அங்குல சக்கரமும் 2.8 அங்குல டயரும் பல வேளைகளில் பொருந்தும். 29 x 2.2 டயரின் வெளிவிட்டம் ஏறத்தாழ 73 செ.மீ.; 27.5 x 2.8 டயரின் வெளிவிட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு. பெடல் அச்சையோ கிராங்கையோ மாற்ற வேண்டியதில்லை. வாங்குவதற்குமுன், பின்பக்கக் குழாய்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளந்து, டயரின் இருபுறமும் குறைந்தது 6 மி.மீ. மிச்சமிருக்குமா எனப் பார்க்க வேண்டும். ஆழமான மணலில் இது முழுத் தடித்த டயருக்கு ஈடாகாது. கரைப்பாதைக்கும் கப்பிச் சாலைக்கும் போதுமானது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

தடித்த டியூப் சிற்றூர்க் கடைகளில் கிடைப்பது அரிது. அவசரத்திற்கு 26 x 2.3 அங்குல டியூபைப் போட்டுக் குறைந்த காற்றில் ஓட்டலாம். இவ்வண்டியின் வால்வு பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் உள்ள வகை. வால்டியூப் போட்ட பழைய சைக்கிளுக்கான பம்பு பொருந்தாது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கலாம் என்றாலும், அங்குள்ள மானியில் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழ் சரியாக அளக்க முடிவதில்லை. குறைந்த அழுத்தம் காட்டும் சிறு மானி ஒன்று தேவை.

தனித்தனி பால்ஸ் போட்ட ஹப்பை எந்தக் கடையிலும் ஓவராயில் செய்யலாம். பின்சக்கரத்திற்கு ¼ அங்குலம், முன்சக்கரத்திற்கு 3/16 அங்குலம் என்பது வழக்கமான அளவு. கடற்கரையில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடாவிட்டால் உப்பு விரைவில் துருவேற்றும்.

ஆற்றுமணலில் மணல் அள்ளிய குழிகள் இருக்கக்கூடும். அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாள்களில் ஆற்றில் இறங்கக் கூடாது. கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் என்பதால் அங்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். நாகப்பட்டினம் கடற்கரையில் ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. அக்காலத்தில் இரவு வேளையில் அலையோர மணலில் சக்கரம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.