வறுமையும் வறுமை உணர்வும்

வறுமை வேறு, வறியோம் என்னும் உணர்வு வேறு. மழை பொய்த்த ஆண்டுகளில் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களினின்று பெங்களூருக்கும் திருப்பூருக்கும் சென்றோரைச் செலுத்தியது பசி. நகரத்தாருள் பலர் நிலை அதுவன்று. உணவும் உடையும் இருந்தும், வெளிநாட்டுப் பணத்தில் அண்டை வீடு மாடியாக உயருங்கால், தம் வீடு குடிசையாகத் தோன்றுகிறது. இதனைப் பொருளியலார் 'ஒப்பீட்டு இழப்புணர்வு' என்பர். மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்க் குடும்பங்களை ஆராய்ந்த ஸ்டார்க், டெய்லர் ஆகியோர், தம் ஊராரினும் தாழ்ந்துள்ள குடும்பங்களே அமெரிக்கா செல்லப் பெரிதும் முனைந்தன என 1989இல் காட்டினர். சிற்றூரிலேயே இவ்வாறெனின், பல தரத்தாரும் அருகருகே வாழும் நகரில் சொல்லவும் வேண்டுமோ?

பயணம் பழியன்று. ஆயினும், விசாவுக்குக் கடன் வாங்குமுன் மாணவர் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்: நம்மை விரட்டுவது நம் அடுப்பின் வெறுமையா, அண்டை வீட்டு மாடியா?