இரவல் ஆடை வேண்டாம்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. வேலை தேடிச் சென்றவர் ஒரு காலத்தில் சலவைச் சட்டையோடும் சான்றிதழ்க் கோப்போடும் அலுவலக வாசலில் நின்றார். இன்றோ, அவர் வாசலை மிதிப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய பக்கம் ஒன்று அங்கே சென்று சேர்ந்துவிடுகிறது. 2003 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப் பெற்று, 2016இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிய லிங்க்ட்இன் இணையதளத்தில் நாம் வைத்திருக்கும் தன்விவரப் பக்கமே அது.

நம்மில் பலர் அந்தப் பக்கத்தைத் தொடங்கியதோடு சரி. பெயர் இருக்கும், பதவி இருக்கும், வேறொன்றும் இராது. ஆனால், ஆளெடுப்போர் நம்மைப் பெயரைக் கொண்டு தேடுவதில்லை. தொழிலையும் திறமையையும் குறிக்கும் சொற்களைக் கொண்டே தேடுகின்றனர். அச்சொற்கள் நம் பக்கத்தில் இல்லையேல், தகுதியிருந்தும் அவர்கள் கண்ணில் படமாட்டோம்.

பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துகள் வரை இடமுண்டு. 'கணக்காளர்' என்னும் ஒற்றைச் சொல் எத்தனையோ பேருக்குப் பொருந்தும். 'ஜவுளி ஏற்றுமதிக் கணக்கு, ஜி.எஸ்.டி., டேலி ஆகியவற்றில் 8 ஆண்டு அனுபவம்' என்பதோ ஒருவரைத் தனித்துக் காட்டும். அடுத்து வரும் அறிமுகப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். எனினும், முதற்சில வரிகளே உடனே கண்ணில் படுவதால் சாரத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'கடின உழைப்பாளி', 'பொறுப்புணர்வு மிக்கவர்' என்று நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் அடைமொழிகளால் பயனில்லை. 'மாதக் கணக்கை முடிக்க 10 நாள் ஆனதை 4 நாளாகக் குறைத்தேன்' என்று செய்த பணியைச் சொன்னால் அதுவே பேசும். தெளிவான முகப்படமும், உடன் பணியாற்றியோர் எழுதித் தரும் பரிந்துரையும் அதற்கு வலுச் சேர்க்கும்.

மெருகு வேறு, பொய்ப்பூச்சு வேறு. 2012 ஜனவரியில் யாஹூ நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றவர் ஸ்காட் தாம்ப்சன். அவரைப் பற்றிய குறிப்பில், கணக்கியலோடு கணினி அறிவியலிலும் பட்டம் பெற்றவர் என்றிருந்தது. அவர் பெற்றது கணக்கியல் பட்டம் மட்டுமே என்பதை அந்நிறுவனத்தின் பங்குதாரர் தரப்பு வெளிப்படுத்தியது. மே மாதமே அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. இத்தனைக்கும் அவர் பேபால் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர்! உண்மையான சாதனையே போதுமானதாக இருந்தவரை, இல்லாத ஒரு பட்டம் கீழே இறக்கிவிட்டது.

ஆகவே அன்பர்களே, இன்றே உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்களோடு பல்லாண்டு பணியாற்றிய ஒருவர் அருகில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு வரி வரியாகப் படியுங்கள். அவர்முன் படிக்க நாக்கூசும் வரியை நீக்கிவிடுங்கள். 'இதை ஏன் விட்டுவிட்டீர்கள்?' என்று அவர் கேட்கக்கூடியதைத் தயங்காமல் சேருங்கள். தொழிலில் நற்பெயர் அவ்வாறுதான் வளரும். ஆடை அழகாகவே இருக்கட்டும். ஆனால், அது நம் அளவுக்குத் தைத்ததாக இருக்கட்டும்.