அடுத்த காணொளியைத் தெரிவு செய்வது யார்?

கைத்தொலைபேசியில் ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகவே வந்து நிற்கிறது. நாம் அதைக் கேட்கவில்லை, தேடவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலும் பார்த்துவிடுகிறோம். எங்கள் உயர்தர வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அது அல்கோரிதம்." அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. தகவல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகப் படிப்பவள் என்ற முறையில், எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

அல்கோரிதம் என்றால் ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்கான படிமுறை. அவ்வளவுதான். சோறு ஆக்குவதற்கும் படிமுறை உண்டு. பரிந்துரை அல்கோரிதத்தின் வேலை, கோடிக்கணக்கான காணொளிகளில் எதை முதலில் உங்கள் கண்ணில் காட்டுவது என்று தீர்மானிப்பது. முருங்கனில் எங்கள் வயல்களுக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் வருகிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் செய்வது, எப்போது தண்ணீர் திறப்பது என்பதெல்லாம் கமக்காரர் கூட்டத்தில் பேசித்தான் முடிவாகும். வாப்பாவும் போவார், கேள்வி கேட்பார், சில நாள் கோபித்துக்கொண்டு எழும்பியும் வருவார். நமது போனுக்குள் பாயும் காணொளிகளுக்கு அப்படியொரு கூட்டம் இல்லை. துருசைத் திறப்பவரை நாம் கண்டதும் இல்லை.

ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை என்னவென்று ஓரளவு தெரியும். யூடியூப் நிறுவனம் 2012 வரை, ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதற்கே முக்கியத்துவம் கொடுத்தது. அதனால் பொய்யான தலைப்பும் கவர்ச்சியான படமும் போட்டவர்கள் முன்னுக்கு வந்தார்கள். 2012 இல் அதை மாற்றி, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை அளவுகோலாக்கினார்கள். 2016 இல் கூகுள் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. முதற்கட்டத்தில், உங்களைப் போன்ற இரசனை உடையவர்கள் பார்த்தவற்றைக் கொண்டு இலட்சக்கணக்கானவற்றிலிருந்து சில நூறு காணொளிகள் பொறுக்கப்படுகின்றன. இரண்டாம் கட்டத்தில் ஒவ்வொன்றையும் நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கணித்து வரிசைப்படுத்துகிறார்கள். அது உங்களுக்கு நல்லதா, உண்மையா என்ற கேள்வி இந்தக் கணக்கின் மையத்தில் இல்லை.

இங்கே நம்மில் பலர் தவறாக நினைக்கும் ஒரு விடயம் உண்டு. "நான் லைக் போடுவதில்லை, கொமண்ட் எழுதுவதில்லை, என்னைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?" என்பார்கள். லைக் தேவையே இல்லை. விரல் எங்கே நின்றது, எத்தனை விநாடி நின்றது என்பதே போதும். நானும் இரண்டு தோழியரும் ஒரு செயலியில் புதுக் கணக்கொன்றைத் திறந்து பார்த்தோம். எதற்கும் லைக் போடாமல், முகத்தை வெள்ளையாக்கும் கிறீம் பற்றிய காணொளிகளில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றோம். பின்னேரத்துக்குள் கிறீம், அதன் பிறகு மெலிவதற்கான மருந்து, அதன் பிறகு மூக்கை ஒடுக்கமாகக் காட்டும் பயிற்சி என்று வரிசையாக வந்து கொட்டியது. மூக்குக்குப் பயிற்சி உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்!

மூக்கு சிரிப்புக்குரிய விடயம். சிரிக்க முடியாத உதாரணம் நமது நாட்டிலேயே இருக்கிறது.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவுக்குள் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்று சிலர் சண்டை பிடித்தார்கள். மிரட்டலுக்கு நடுவே உணவகக்காரர் தலையாட்டியதை ஒப்புதல் வாக்குமூலம் என்று சொல்லிக் காணொளியாகப் பரப்பினார்கள். அது மாவுக்கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் சொன்னது. அதற்குள் அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. மார்ச் மாத ஆரம்பத்தில் திகனையிலும் கண்டியைச் சுற்றிய ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியவற்றை முடக்கியது. பேஸ்புக் மறுபடி திறக்க ஒரு வாரத்துக்கு மேல் சென்றது. அப்போது நான் ஆரம்ப வகுப்பில் இருந்தேன். கண்டிப் பக்கத்து உறவினரோடு பேசுவதற்கு உம்மா சாதாரண அழைப்பு எடுத்து, "கதவைப் பூட்டினீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது நினைவிருக்கிறது.

இதில் அல்கோரிதத்தின் பங்கு என்ன? அதே ஆண்டு ஜனவரியில்தான் பேஸ்புக் தனது வரிசைப்படுத்தும் முறையை மாற்றி, மக்கள் அதிகம் கருத்திட்டுப் பகிர்ந்துகொள்ளும் பதிவுகளை முன்னுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. 2017 இலிருந்து, கோப முகம் உட்பட உணர்ச்சிக் குறிகளுக்குச் சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு பெறுமதி கொடுத்திருந்தது என்பது 2021 இல் வெளியான உள்ளக ஆவணங்களால் தெரியவந்தது. கோப முகத்தின் பெறுமதி பூச்சியமாக்கப்பட்டது 2020 இல்தான். சிங்கள மொழியில் எழுதப்படும் வெறுப்புப் பேச்சைக் கண்டுபிடிக்கப் போதிய ஆட்களும் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2018 வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்கிற்காக 2020 மே மாதம் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

எல்லாப் பழியையும் இயந்திரத்தின் தலையில் போடுவதும் சரியல்ல. 1915 இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டியில் தொடங்கிப் பரவியபோது இந்த நாட்டில் வானொலிகூட இல்லை. வதந்தி கால்நடையாகவே போனது. வித்தியாசம் என்னவென்றால், அன்று வதந்தியைச் சொல்ல ஒரு மனிதர் உங்களைத் தேடி வர வேண்டும். இன்று யார் கோபப்படுவார் என்று கணித்து, அவருடைய கைக்கே அது கொண்டுபோய்க் கொடுக்கப்படுகிறது. நமது சமூகத்துக்குள்ளும் அப்படித்தான். நிதானமாக விளக்கம் சொல்பவரைவிட, மற்றவரைத் திட்டிச் சத்தம் போடுபவரின் காணொளிதான் முதலில் வருகிறது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? வெறுப்புக் காணொளிக்குக் கீழே போய்ப் பதிலடி எழுதுவது நல்ல வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரத்துக்குப் பதிலடியும் பாராட்டும் ஒன்றுதான், இரண்டும் "ஈடுபாடு". முறைப்பாடு செய்துவிட்டு நகர்வதே மேல். அடுத்தது, எந்தப் பொத்தான் வேலை செய்கிறது என்று தெரிந்திருப்பது. 2022 இல் மொசில்லா நிறுவனம் 20,000 இற்கும் அதிகமானோரின் உதவியோடு யூடியூபை ஆராய்ந்தது. "நொட் இன்ரஸ்டட்" பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 11 வீதத்தையே தடுத்தது. பார்த்த வரலாற்றிலிருந்து அந்தக் காணொளியை நீக்கியபோது 29 வீதம் குறைந்தது. "டோன்ட் ரெகமண்ட் சனல்" 43 வீதத்தைத் தடுத்தது. அதுவும் பாதிக்குக் குறைவுதான், என்றாலும் மூன்றில் எதை அழுத்துவது என்பதில் இனிக் குழப்பம் இருக்காது.

இன்னும் உறுதியான வழியும் உண்டு. யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, அதைப் பதிவதையும் நிறுத்திவிட்டால், 2023 இலிருந்து முகப்புப் பக்கம் வெறுமையாகவே வருகிறது. தேடினால்தான் காணொளி. பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள். டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் பரிந்துரைகளை ஆரம்பத்திலிருந்து புதுப்பிக்கும் வசதி இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இன்னும் ஒரே போன்தான். தம்பியின் கிரிக்கெட்டும் உம்மாவின் சமையலும் எனது இரசாயனவியல் பாடமும் ஒரே கணக்கில் கலந்து, இயந்திரத்துக்கே தலை சுற்றும். இதில் ஒரு நன்மை, யாரையும் அது முழுதாகப் படித்துவிட முடியாது. தீமை, நான் இரவில் பார்த்தது காலையில் எட்டு வயதுத் தம்பியின் முன்னால் வந்து நிற்கும். செயலிக்குள் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வது சின்ன வேலைதான்.

துக்கமான காணொளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனம் சரியில்லாத இரவில் ஒன்றைப் பார்த்தால் அதுபோன்றவையே தொடர்ந்து வரும். இலண்டனில் 14 வயது மொலி ரஸல் 2017 இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இணையத்தில் அவர் பார்த்தவையும் அதற்கு ஒரு பங்களித்தன என்று 2022 இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அப்படிப்பட்ட இரவில் பொத்தான்களைத் தேட வேண்டாம். போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரை எழுப்புங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது, சிறுவர்களுக்கு 1929.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், பெரிய தளங்கள் நமது நடத்தையைப் பின்தொடராத ஒரு வரிசையையும் கட்டாயம் தர வேண்டும். நமது நாட்டின் 2024 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், மனிதர் வெளியிடும் கூற்றுகளைப் பற்றியே பெரிதும் பேசுகிறது. நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும், நேர வரிசையில் காட்டும் தெரிவு 2022 இல் இன்ஸ்டகிராமுக்கு வந்தது. ஆனால் அதை நிலையாக வைத்துக்கொள்ள அந்நிறுவனம் வழி விடவில்லை. செயலியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாமே மறுபடி தெரிவு செய்ய வேண்டும்.